சீன மொழி படித்தால் என்ன வேலை கிடைக்கும்? கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவள் நான். தைவானில் ஓராண்டு சீன மொழி படித்துவிட்டு வந்து, தைவான்காரர்கள் நடத்தும் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நான்கு ஆண்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு, சனி ஞாயிறு புதுச்சேரியில் வகுப்பு. பேருந்தில், கல்யாண வீட்டில், வகுப்பு முடிந்த வாசலில் என்று எங்கே நிறுத்திக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே எனக்குத் தெரிந்த பதிலைக் கொடுத்திருக்கிறேன்.

"மாண்டரின்னு சொல்றாங்க, சைனீஸ்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

சீனம் என்பது ஒரு குடும்பம். கான்டனீஸ், ஹொக்கியன், ஹக்கா என்று அதில் பல பேச்சுகள் உண்டு. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. பெய்ஜிங் பேச்சை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பொதுமொழிதான் மாண்டரின். சீனாவில் அதைப் 'புதோங்ஹுவா' என்பார்கள், தைவானில் 'குவோயூ', சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'ஹுவாயூ'. நாம் படிக்க வேண்டியது இதைத்தான்.

எழுத்தில் இரண்டு வகை. சீனா 1950களில் எழுத்துகளை எளிமைப்படுத்தியது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் அதையே எடுத்துக்கொண்டன. தைவானும் ஹாங்காங்கும் பழைய முழு வடிவத்திலேயே எழுதுகின்றன. ஒன்று நன்றாக வந்துவிட்டால் மற்றதை வாசிக்கப் பழகுவது பெரிய வேலை இல்லை. எளிய வடிவத்தில் தொடங்குங்கள். தைவான்தான் போகப்போகிறேன் என்று உறுதியாக இருப்பவர்கள் மட்டும் முழு வடிவத்தில் தொடங்கலாம்.

"உலகத்துலயே கஷ்டமான மொழியாமே? எத்தனை மாசம் ஆகும்?"

மாதக் கணக்கு வேண்டாம், ஆண்டுக் கணக்கு போடுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பள்ளி வைத்திருக்கிறது. அவர்கள் அனுபவத்தில் ஆங்கிலம் பேசும் ஒருவருக்கு மாண்டரின் வேலைக்கு ஆகும் அளவு வர ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி நேரம் பிடிக்கிறது. பிரெஞ்சுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். தினம் இரண்டு மணி நேரம், ஒரு நாள் விடாமல் என்றால் மூன்று ஆண்டு. 'தொண்ணூறு நாளில் சரளமாகப் பேசலாம்' என்ற போஸ்டரைப் பார்த்துப் பணம் கட்டிய பிள்ளைகள் என்னிடம் வந்து நிற்கும்போது மனசு வலிக்கிறது. கட்டிய பணத்தைவிட, 'எனக்கு மொழி வராது போல' என்று அவர்கள் நினைத்துக்கொள்வதுதான் பெரிய நஷ்டம்.

முதலில் பயமுறுத்துவது தொனி. 'மா' என்பதை நீட்டி மேலே பிடித்தால் அம்மா, கீழிருந்து ஏற்றினால் சணல், இறக்கி ஏற்றினால் குதிரை, வெட்டி இறக்கினால் திட்டு. முதல் இரண்டு மாதம் வேறு எதையும் பெரிதாக நினைக்காமல் இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று முணுமுணுத்துப் படித்தால் தொனி வராது.

"தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இதுல ஏதாச்சும் சவுகரியம் இருக்கா?"

நிறைய இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் சீனத்தில் தனித்தனிச் சொல்: கெகெ, தீதி, ச்சியேச்சியே, மெய்மெய். ஆங்கிலத்தில் எல்லோரையும் 'அங்கிள்' என்று அடக்குவது மாதிரி இங்கே கிடையாது. பெரியப்பா போபோ, சித்தப்பா ஷூஷூ, தாய்மாமன் ச்சியூச்சியூ. ஆங்கில வழியில் படிக்கும் வெள்ளைக்காரர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டும். நமக்கு அது பிறந்ததிலிருந்தே மனசில் இருக்கிறது, ஒலியை மட்டும் மாற்றினால் போதும். பார்த்ததும் 'சாப்டாச்சா?' என்று கேட்கும் பழக்கம்கூட அவர்களிடம் அப்படியே உண்டு.

இலக்கணத்தில் ஒரு முக்கியமான உதவி. 'நேற்று வந்த பையன்' என்று நாம் விளக்கத்தை முன்னால் வைத்து ஆளைப் பின்னால் சொல்கிறோம் அல்லவா, சீனத்திலும் அதே வரிசைதான். வினைச்சொல்லுக்குக் காலம், பால், எண் என்று எந்த விகுதியும் ஒட்டாது. அப்புறம் ஒரு முழம் பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ஈடு இட்லி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, புத்தகத்துக்கு ஒரு அளவுச்சொல், தாளுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று சீனம் கேட்பது புதிதாக இருக்காது. வாக்கிய வரிசை மட்டும் வேறு. 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பது 'நான் சாப்பிடு சோறு' என்று வரும்.

உச்சரிப்பில் ஒரு லாபம், ஒரு சிரமம். சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் 'ஆர்' எழுத்தால் குறிக்கும் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். வடநாட்டுப் பிள்ளைகள் திணறும் இடத்தில் நம் பிள்ளைகள் சுலபமாகத் தாண்டுவார்கள். சிரமம் மூச்சொலியில். தமிழில் பகரம் ஒன்றுதான். அவர்களுக்கு மூச்சு விடாத ப, மூச்சு விட்டுச் சொல்லும் ப்ஹ என்று இரண்டு. மூச்சில்லாமல் 'பாவ்' என்றால் வயிறு நிறைந்தது, அதே தொனியில் மூச்சு விட்டுச் சொன்னால் ஓடு. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். மூச்சொலிக்குக் காகிதம் ஆட வேண்டும், மற்றதற்கு ஆடக் கூடாது.

"அத்தனை எழுத்தையும் கையால எழுதித் தெரியணுமா?"

வேலைக்கு என்றால் தேவையில்லை. கைபேசியில் ஒலியைத் தட்டினால் எழுத்து வரிசையாக வரும், சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். ஆனால் முதல் ஐந்நூறு எழுத்தைக் கையால் எழுதிப் பழகச் சொல்வேன். எழுதினால்தான் உள்ளே இருக்கும் உறுப்புகள் கண்ணில் படும். மரம் என்ற எழுத்தைப் பக்கத்தில் இன்னொரு முறை எழுதினால் தோப்பு, மூன்றாக அடுக்கினால் அடர்ந்த காடு. இந்த ருசி பிடித்துவிட்டால் பயம் போய்விடும்.

"எங்க படிக்கிறது? பாண்டியில பிரெஞ்சுக்கு அலையன்ஸ் இருக்கிற மாதிரி இதுக்கு இருக்கா?"

அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சுக்கு இங்கே நூறாண்டுக்கு மேற்பட்ட மண் இருக்கிறது. சீனத்துக்கு அப்படி ஒரு நிறுவனம் நம் பக்கத்தில் இல்லை. தனி ஆசிரியர்களும் இணைய வகுப்புகளும்தான். 2020 தேசியக் கல்விக் கொள்கையின் இறுதி வடிவில், பள்ளியில் கற்பிக்கக்கூடிய வெளிநாட்டு மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன பட்டியலில் கொரியம், ஜப்பானியம், தாய்லாந்து மொழி எல்லாம் இருந்தும் சீனம் இல்லை. அதனால் பள்ளியில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

பிளஸ் டூ முடித்தவர்கள் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். டெல்லி ஜே.என்.யு., காசி இந்துப் பல்கலைக்கழகம், சாந்திநிகேதனில் உள்ள விசுவபாரதி ஆகியவற்றில் சீனம் உண்டு. விசுவபாரதியின் சீன பவனம் 1937ல் தாகூர் காலத்திலேயே தொடங்கியது. இவை மத்தியப் பல்கலைக்கழகங்கள், கட்டணம் குறைவு. இளநிலைச் சேர்க்கை சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு வழியாக. சீனத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் போய்ச் சேரலாம், அங்கே முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். நம் ஊரிலிருந்து பொறியியலுக்கு லட்சக்கணக்கில் கட்டும் குடும்பங்கள்கூட இந்த வழியைக் கேள்விப்படாமல் இருக்கின்றன என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

"எச்.எஸ்.கே.ன்னா என்ன? எத்தனையாவது லெவல் வேணும்?"

சீன அரசு அங்கீகரிக்கும் மொழித் தேர்வு. பல ஆண்டுகளாக ஆறு நிலை: முதல் நிலைக்கு 150 சொல், இரண்டுக்கு 300, மூன்றுக்கு 600, நான்குக்கு 1,200, ஐந்துக்கு 2,500, ஆறுக்கு 5,000. 2021ல் ஒன்பது நிலை கொண்ட புதிய தரப்பட்டியல் வெளியிட்டார்கள், அதில் சொற்கள் 11,000க்கும் மேல். பேச்சுக்குத் தனியாக எச்.எஸ்.கே.கே. என்ற தேர்வு உண்டு. தைவானுக்கு டி.ஓ.சி.எஃப்.எல். என்று வேறு தேர்வு. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எச்.எஸ்.கே. மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்வதில் பயன் இல்லை.

ஒன்று, இரண்டாம் நிலைத் தாளில் எழுத்துக்கு மேலே பின்யின் போட்டிருக்கும், மூன்றிலிருந்து இருக்காது. அதனால்தான் இரண்டு முடித்த பலர் மூன்றில் முட்டி நின்றுவிடுகிறார்கள். வேலை என்று பார்த்தால், என் அனுபவத்தில் நான்கு இருந்தால் கூப்பிட்டுப் பேசுவார்கள், ஐந்து இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழோடு பேசவும் வர வேண்டும். நேர்காணலில் பத்து நிமிடம் சீனத்தில் பேசச் சொல்வார்கள், அங்கே எல்லாம் தெரிந்துவிடும்.

"சரி, படிச்சாச்சு. யார் வேலை கொடுப்பாங்க?"

முதலில் நம்மைச் சுற்றிப் பாருங்கள். செய்யாறில் தைவானின் ஃபெங் டே குழுமம் 2000களிலிருந்தே காலணி செய்கிறது. அதே நாட்டின் பௌ சென் நிறுவனம் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்க 2023ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்ட இடம் உளுந்தூர்ப்பேட்டை. கடலூரிலிருந்து பண்ருட்டி வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்ரீபெரும்புதூரில் தைவானின் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கான். இந்த மாதிரி ஆலைகளில் மேலே தைவான், சீன, வியட்நாம் நிபுணர்கள், கீழே தமிழ் பேசும் பெண்கள். நடுவில் ஆங்கிலம் இரண்டு பக்கமும் தட்டுத்தடுமாறும். தமிழும் சீனமும் நேராகத் தெரிந்தவருக்கு அங்கே இருக்கும் மதிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இறக்குமதி. 2024-25ல் இந்தியா சீனாவிலிருந்து வாங்கியது சுமார் 11,300 கோடி டாலருக்கு, அங்கே விற்றது சுமார் 1,400 கோடி டாலருக்கு. மருந்து மூலப்பொருள், இயந்திரம், மின்னணு பாகம் என்று வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விலை பேச, தரம் பார்க்க, தகராறு தீர்க்க ஆள் வேண்டும். குவாங்சோவில் 1957 முதல் நடக்கும் கான்டன் கண்காட்சி ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வரும். அதற்குப் போகும் நம் வியாபாரிகள் மொழி தெரிந்தவரை உடன் அழைத்துப் போவது உண்டு. அப்புறம் சிங்கப்பூர். அங்கே தமிழும் மாண்டரினும் இரண்டுமே ஆட்சிமொழிகள். கடலூர் மாவட்டத்தில் சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு குறைவு. வேலையிடத்தில் சீனம் புரிந்த ஆளுக்கு மேற்பார்வை வேலை சீக்கிரம் கிடைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மொழி மட்டும் தெரிந்தவரைவிட, மொழியோடு இன்னொரு தொழிலும் தெரிந்தவருக்குத்தான் நிலையான வேலை. கணக்கு, இயந்திரவியல், வேதியியல், கப்பல் சரக்கு, சுற்றுலா, எதுவாகவும் இருக்கலாம்.

"நான் பி.காம். திரும்ப பி.ஏ. சைனீஸ் சேரணுமா?"

வேண்டாம். மேலே சொன்ன 'இன்னொரு தொழில்' உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று ஆண்டு மாலை நேரத்தில் மொழி படித்து எச்.எஸ்.கே. நான்கு, ஐந்து எழுதுங்கள்.

பி.காம். படித்தவர்கள் வகுப்புக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம், காரணம் எண். சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று ஒரு அலகு. நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து வான், ஒரு கோடி ஆயிரம் வான், பத்து கோடி ஒரு 'யீ'. நாம் லட்சத்தில் நினைக்கிறோம், அவர்கள் வானில் நினைக்கிறார்கள், தாளில் மில்லியனில் எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் 'முப்பது வான்' ஜோடி என்றதை நான் முப்பதாயிரம் என்று சொல்லிவிட்டேன். மூன்று லட்சம் ஜோடிக்கு வாங்க வேண்டிய பசையைப் பத்தில் ஒரு பங்குக்கு எழுதிக்கொண்டார்கள். மறுநாள் கண்டுபிடித்ததால் தப்பித்தது. அன்றிலிருந்து எந்த எண்ணையும் வாயால் மட்டும் சொல்வதில்லை, எழுதிக் காட்டி இரு தரப்பையும் தலையாட்ட வைத்த பிறகுதான் அடுத்த பேச்சு.

"சம்பளம் எவ்வளவு வரும்? நேரா சொல்லுங்க."

ஒரே தொகை சொன்னால் அது பொய்யாகிவிடும். எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று சொல்கிறேன். தொழிற்சாலையில் மாதச் சம்பளம், பெரும்பாலும் வண்டியும் சாப்பாடும் சேர்த்து. கண்காட்சி, பேச்சுவார்த்தை என்றால் நாள் கூலி, பயணமும் தங்குமிடமும் தனி. எழுத்து மொழிபெயர்ப்புக்கு ஆயிரம் சீன எழுத்துக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். ஆங்கிலத்தில் ஆகும் சொற்களை எண்ணிக் காசு கேட்டால் குழப்பம் வரும், முதலிலேயே எதை எண்ணுவது என்று எழுதி வாங்குங்கள். தொடக்கத்தில் சம்பளம் கம்மியாக இருந்தாலும் ஆலைத்தளத்தில் ஓராண்டு நிற்பது நல்லது. அங்கே கிடைக்கும் சொற்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

"வயசு 35 ஆயிடுச்சே?"

பரவாயில்லை. தொனி பிடிக்கச் சின்னப் பிள்ளைகளைவிட இன்னும் சில மாதம் கூட ஆகும். கையில் தொழில் இருக்கிறதே, அது அவர்களிடம் இல்லை.

"ஸ்காலர்ஷிப்ல போய்ப் படிக்கணும்னா சீனாவா, தைவானா?"

இரண்டுக்கும் வழி உண்டு. சீன அரசு உதவித்தொகைக்கு மொழிப் படிப்பு, இளநிலை, முதுநிலை, முனைவர் என்று எல்லா நிலையிலும் விண்ணப்பிக்கலாம். தைவான் கல்வி அமைச்சகம் மொழி படிக்க மட்டும் 'ஹுவாயூ' உதவித்தொகை தருகிறது, சில மாதம் முதல் ஓராண்டு வரை. தைவானுக்குச் சென்னையில் 2012 முதல் பொருளாதாரப் பண்பாட்டு மையம் இருக்கிறது, புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான். சீனாவுக்குச் சென்னையில் தூதரக அலுவலகம் இல்லை. டெல்லியில் தூதரகம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்கள். 180 நாளுக்கு மேல் படிக்கப் போனால் எக்ஸ்1 விசா, குறைவாக இருந்தால் எக்ஸ்2.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். தமிழ்நாட்டில் உள்ள காலணி ஆலை, மின்னணு ஆலை என்றால் தைவான் நல்லது, அங்கே பேசும் சாயலும் பழகும் முறையும் பழகிவிடும். இறக்குமதி, ஆய்வு, அரசுப் பணி என்றால் சீனா. எங்கே போனாலும் எச்.எஸ்.கே. மூன்று அளவாவது இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். முதல் ஆறு மாதம் அங்கே போய் எண் சொல்லவும் வழி கேட்கவும் படிப்பது உதவித்தொகையை வீணாக்குவது.

"என் பையன் சீனாவுல எம்.பி.பி.எஸ். சேரப் போறான். மொழியும் வந்துடும்ல?"

பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நோயாளி ஆங்கிலத்தில் பேச மாட்டார். அதனால் மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் எச்.எஸ்.கே. நான்கு கேட்கிறார்கள். அந்த அளவுக்கு மொழி வந்தாக வேண்டும், தானாக வராது. மொழிக்காக மருத்துவம் படிக்கப் போகக் கூடாது. 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்த 40,417 பேர் இந்தியத் தகுதித் தேர்வு எழுதியதில் தேறியவர் 6,387 பேர் என்று பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகமே 2022ல் எச்சரித்தது. தமிழ்நாட்டில் டாக்டராகத் தொழில் செய்ய முடியுமா என்பதை முதலில் யோசியுங்கள், மொழி அதற்கு அப்புறம்.

"பொண்ணைத் தனியா அனுப்பலாமா? நாங்க சைவம் வேற."

நானும் தனியாகத்தான் போனேன். இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து விடுதிக்குத் திரும்பிய ஓராண்டில் ஒரு நாளும் பயம் வந்ததில்லை. கூட்டத்தைவிட்டுத் தனியாக இருக்கும் வெறுமைதான் முதல் இரண்டு மாதம் வாட்டும். அதற்கு வீட்டார் தயாராக வேண்டும். பிள்ளை அழுதால் உடனே 'வந்துடு' என்று சொல்லிவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு 'வோ ச்சு சூ', நான் சைவம் என்று பொருள், என்ற மூன்று சொல் போதும். தைவானில் பௌத்த சைவ உணவகம் எங்கும் உண்டு, எடைபோட்டுத் தருவார்கள். அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத சைவம் இருக்கிறது. சீனாவில் கொஞ்சம் தேட வேண்டும். காய்கறிக் குழம்பிலும் இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கலாம் என்பதால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் 'சூ' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள்.

"ஒரு ஏஜென்ட் ரெண்டு லட்சம் கட்டினா சீட், வேலை ரெண்டும்ங்கிறார். நம்பலாமா?"

நம்பாதீர்கள். மேலே சொன்ன இரண்டு உதவித்தொகைக்கும் மாணவர் தானே நேராக விண்ணப்பிக்க முடியும். படிவத்தை நிரப்பத் தெரியாவிட்டால் படித்த யாரிடமாவது உட்கார்ந்து கேளுங்கள், நானே பலருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

வேலை விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. 'தாய்லாந்தில் கணினி வேலை, சீனம் தெரிந்தால் சம்பளம் இரட்டிப்பு' என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மர், கம்போடியா, லாவோஸ் பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கதைகள் உண்மை. 2022ல் மியான்மரின் மியாவாடியிலிருந்து தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்தார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு இந்திய அரசின் பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

"எனக்குத் தொழிற்சாலை வேண்டாம். பண்பாட்டுப் பரிமாற்றம், இலக்கியம்னு போகணும். பிழைக்க முடியுமா?"

இந்தக் கேள்வி கேட்ட பெண்ணைப் புதுச்சேரியில் ஒயிட் டவுன் பக்கம் அழைத்துப்போய் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். சூ ஃபான்செங் என்ற சீன அறிஞர், இளமையில் ஜெர்மனியில் படித்தவர், 1945ல் இந்தியா வந்து முதலில் நான் மேலே சொன்ன சாந்திநிகேதன் சீன பவனத்தில் இருந்தார். 1951ல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து 1978 வரை இங்கேயே வாழ்ந்தார். கீதையையும் ஐம்பது உபநிடதங்களையும் சமஸ்கிருதத்திலிருந்து நேராகச் சீனத்துக்குக் கொண்டுபோனார். உபநிடதங்கள் நூலாகப் பெய்ஜிங்கில் வெளிவந்தது 1984ல். இன்று சீனாவில் ஒரு மாணவர் உபநிடதம் படித்தால், அது நம் கடற்கரைக் காற்றில் ஒருவர் இருபத்தேழு ஆண்டு உட்கார்ந்து செய்த வேலையின் பலன். நம் ஊர்க்காரர்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

பாதை பழையது. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீனாவின் சோங் அரசவைக்குப் போயிருக்கின்றன. சீனத் துறைமுகமான சுவான்ச்சோவில் 1281ல் ஒரு சிவன் கோயிலுக்காக வெட்டிய தமிழ்க் கல்வெட்டின் கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. நம் காலத்தில் சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பியது; சீனப் பெண்கள் சுத்தத் தமிழில் செய்தி வாசித்ததை எங்கள் தாத்தா சிற்றலையில் கேட்பார். தைவான் கவிஞர் யூ சி திருக்குறளையும், பாரதியார், பாரதிதாசன் பாடல்களையும் சீனத்தில் தந்திருக்கிறார். புதுச்சேரி சுப்புரத்தினம் மாண்டரினில் ஒலிக்கிறார்.

பிழைப்பு என்றால், தொடக்கத்தில் இதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. பகலில் கல்லூரி ஆசிரியர், சுற்றுலா வழிகாட்டி, நிறுவன மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு வருமானம் வேண்டும். காஞ்சிபுரத்துக்குச் சீனத் துறவி சுவான்சாங் (யுவான் சுவாங்) வந்த கதை, 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தது என்று சீன, தைவான் பயணிகளுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல நம் பக்கம் ஆள் மிகவும் குறைவு. ஆய்வுக்குப் போக விரும்புபவர்கள் கல்வெட்டு, கடல் வணிகம், நவீன இலக்கியம் ஏதாவது ஒன்றைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் மூலத்தையும் சீன மூலத்தையும் இரண்டையும் நேராக வாசிக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே சிலர்தான். உங்கள் தமிழையும் கூர்தீட்டி வைத்திருங்கள். சங்கப் பாட்டு ஒன்றை விளக்கச் சொல்லி ஒரு சீனப் பேராசிரியர் கேட்டபோது நான் திணறினேன், அதற்குப் பிறகுதான் தமிழை மறுபடி படிக்கத் தொடங்கினேன்.

"எல்லையில சண்டை நடக்குது. சீனம் படிச்சா சந்தேகமா பாக்க மாட்டாங்களா? உறவு முறிஞ்சா படிப்பு வீண்தானே?"

மொழி படிப்பது குற்றம் அல்ல, அரசே ஆள் தேடும் மொழி அது. வெளியுறவுப் பணி அதிகாரிகளில் சிலர் ஒவ்வொரு ஆண்டும் சீனத்தைத் தங்கள் கட்டாய மொழியாக எடுக்கிறார்கள். மாண்டரின் சரளமாகப் பேசும் விஜய் கோகலே பெய்ஜிங்கில் தூதராக இருந்துவிட்டு 2018ல் வெளியுறவுச் செயலர் ஆனார். உறவு கெடும்போது மொழி தெரிந்தவர்களின் தேவை கூடத்தான் செய்யும்.

ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு, மறைக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் சீன முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமாயிற்று. ஜூனில் கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள், அந்த மாதக் கடைசியில் வீசாட் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. சீன நிறுவனங்களில் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் அப்போது கஷ்டப்பட்டார்கள். நம் மாணவர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் சீனாவுக்குத் திரும்ப முடியாமல் இருந்தார்கள். 2025 ஜூலையில் சீனருக்குச் சுற்றுலா விசா மறுபடி தொடங்கியது, அக்டோபரில் நேரடி விமானம் வந்தது. அதனால்தான் தைவான், சிங்கப்பூர், மலேசியா என்ற மற்றக் கதவுகளையும் முன்பே சொன்னேன். ஒரு கதவை மட்டும் நம்பிப் படிக்காதீர்கள்.

"கைபேசியே மொழிபெயர்க்குது. ஏ.ஐ. வந்த பிறகு இதை எதுக்குப் படிக்கணும்?"

சாதாரணக் கடிதம், பொருள் பட்டியல், கையேடு இவற்றின் மொழிபெயர்ப்பு வேலை ஏற்கெனவே சுருங்கிவிட்டது. அதை மட்டும் நம்பி யாரும் படிக்க வேண்டாம். நானும் முதல் வரைவுக்குக் கணினியைப் பயன்படுத்துகிறேன், திருத்தித் தருவதற்குத்தான் காசு.

மிச்சம் இருப்பது எது? பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பு 'யென்ச்சியூ யென்ச்சியூ' என்றால் கருவி 'ஆராய்கிறோம்' என்று சொல்லும். உண்மையில் அது பெரும்பாலும் மரியாதையாக 'முடியாது' என்பது. நம் ஊரில் 'பாக்கலாம்' என்று சொல்வோமே, அதுதான். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் இந்தப் பதிலைக் கேட்டு ஒரு மாதம் காத்திருந்தார். இயந்திரத்தின் விலையைக் குறைக்க மாட்டார்கள் என்பது அந்த அறையிலேயே எனக்குப் புரிந்திருந்தும், வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தது என் தவறு. இப்போது அழைத்தவரிடம் தனியாக, 'இதன் பொருள் இப்படி இருக்கலாம்' என்று சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி தவறினால் பதில் சொல்லும் பொறுப்பையும் கருவி ஏற்காது, மனிதர்தான் ஏற்க வேண்டும்.

"நடுவுல நிக்கும்போது அவங்க நம்ம ஆளைத் திட்டினா அப்படியே சொல்லணுமா? நம்ம பக்கம் நிக்கக் கூடாதா?"

வேலைக்குச் சேர்ந்த பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆலைத்தளத்தில் ஒரு நிபுணர் தையல் பிரிவுப் பெண்ணைப் பார்த்துக் கடுமையாகச் சொன்னதை நான் தொடக்கத்தில் மழுப்பி, 'கொஞ்சம் கவனமா செய்யச் சொல்றார்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். அவருக்கு எவ்வளவு கோபம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஊசி தேய்ந்திருக்கிறது, அதனால்தான் தையல் விடுகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் வாரம் அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு எங்கே வேலைக்குப் போனாலும் முதல் நாளே இரு தரப்பிடமும் சொல்லிவிடுகிறேன்: 'என் காதில் விழுவது எல்லாம் மற்றவருக்கும் போகும். திட்டினால் திட்டும் போகும், பதில் சொன்னால் பதிலும் போகும்.' இதைச் சொன்னதும் பெரும்பாலோர் பேச்சை அவர்களே அளந்துகொள்கிறார்கள். தொழிலாளி வாய் திறக்கத் தயங்கினால், 'நீங்க என்ன சொன்னாலும் சொல்றேன்க்கா, சொல்லுங்க' என்று கேட்பேன், அவர் முடிக்கும் வரை மேலாளரைக் காத்திருக்கச் சொல்வேன். போன மாதம் அப்படிக் காத்திருந்தபோது ஓர் அக்கா, 'ஊசியை மாத்தச் சொல்லி நாலு நாளா கேக்கிறேன்'னு சொன்னார். சீனத்தில் சொன்னேன். மேலாளர் குனிந்து ஊசியைப் பார்த்தார்.